வழக்கமாக ஓட்டுபவர்

சமையலறை ஜன்னல் வழியாக அவள் பார்த்தபோது, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஒருவன் அவர்களுடைய காருக்குப் பக்கத்தில் குனிந்து நின்றான். நசுங்கிய கதவை செல்போனில் படம் எடுத்தான். கொஞ்சம் தள்ளிப்போய் இன்னொன்று எடுத்தான். பிறகு நிமிர்ந்து வீட்டு எண்ணைப் பார்த்தான்.

"என்னங்க, வந்துட்டாங்க" என்றாள். குரல் அவளை மீறி உயர்ந்தது.

கணவன் பாதி ஷேவிங்கில், முகத்தில் நுரையோடு ஓடிவந்தான். எட்டிப் பார்த்தவன் திரைச்சீலையை இழுத்து மூடினான்.

அவள் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸ். ஒரு நாளைக்கு ஏழு வீடு. கார் இல்லாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் விசா இல்லை. சொந்த ஊரில் பன்னிரண்டு வருஷம் ஓட்டியவள்தான். ஆனால் இந்த நாட்டு இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு அந்தப் பன்னிரண்டும் கணக்கில் சேராது. இங்கே லைசன்ஸ் வாங்கிய அன்றைக்குத்தான் அவள் பிறந்தாள். யாரைக் கேட்டாலும் வருஷ பிரீமியத்தைக் காரின் விலையைவிடக் கூடுதலாகச் சொன்னார்கள்.

கணவனோடு வேலை பார்க்கிற ஒருவர்தான் வழி சொன்னார். கணவன் இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது. வழக்கமாக ஓட்டுபவர் அவன், எப்போதாவது ஓட்டுபவர் மனைவி என்று படிவத்தில் போட்டால் பாதிக்குப் பாதி குறையும், ஊரே அப்படித்தான் செய்கிறது என்றார். அப்படியே போட்டார்கள். அவனுக்கு ஃபேக்டரி நடந்து போகிற தூரம். ஸ்டியரிங்கைத் தொட்டு மாதக்கணக்காகிறது.

மூன்று நாளைக்கு முன்னால், கடை பார்க்கிங்கில் நிறுத்தியிருந்த காரை யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள். கணவன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் செய்து பாலிசி எண்ணைச் சொன்னான். எங்கே, எப்போது என்று சொல்வதற்குள், இந்த வண்டியை வழக்கமாக ஓட்டுவது யார் என்று எதிர்முனையில் ஒரு பெண் கேட்டாள். அவன் பதறிப்போய் போனை வைத்துவிட்டான். அன்றிலிருந்து வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் இருவருக்கும் சோறு இறங்குவதில்லை.

காலிங் பெல் அடித்தது.

கணவன் நுரையைத் துடைத்துக்கொண்டே கதவைத் திறந்தான். வந்தவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கார் விஷயமாகக் கொஞ்சம் பேச வேண்டும் என்று இந்த நாட்டு மொழியில் சொன்னான். பார்வை தரையைவிட்டு மேலே வரவில்லை.

கணவன் சிரிப்பை முகத்தில் ஒட்டவைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். "கேட்டா நான்தான் ஓட்றேன்னு சொல்லு. நீ தொடறதே இல்ல, புரியுதா?" என்று தமிழில் மெல்லச் சொன்னான்.

வந்தவன் சட்டென்று தலை நிமிர்ந்தான்.

"நானும் தமிழ்தாங்க."

கணவனின் சிரிப்பு, எடுக்க மறந்ததுபோல் அப்படியே நின்றது. வேண்டுமென்றே தமிழ் ஆளாகப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

உள்ளே வரச் சொன்னார்கள். சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். அவள் கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். கேள்வி என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. கணவன் தாங்கமாட்டாமல் தானாகவே உளற ஆரம்பித்தான். தினமும் தானே ஓட்டுவதாகவும், மனைவிக்கு பிரேக் எது, கிளட்ச் எது என்றே தெரியாது என்றும் அடுக்கிக்கொண்டே போனான்.

"அன்னைக்கு மழை வேற" என்றான் வந்தவன், தனக்குத்தானே சொல்வதுபோல.

மழை பெய்ததுகூடத் தெரிந்திருக்கிறது. இனி மறைக்க என்ன இருக்கிறது? பாலிசியை ரத்து செய்வார்கள். அதற்குப் பிறகு வேறு எந்தக் கம்பெனியும் வாசலில்கூடச் சேர்க்காது. பொய் எழுதிக் கொடுத்ததாக போலீஸுக்குப் போகும். அங்கிருந்து விசா அலுவலகத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? பக்கத்து அறையில் மகள் வாய்விட்டுப் பாடம் படிப்பது கேட்டது.

"போதுங்க" என்று கணவனை நிறுத்தினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு வந்தவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"தம்பி, அவரு சொல்றது பொய். வண்டிய தினமும் ஓட்றது நான்தான். அன்னைக்கும் நான்தான் கொண்டுபோய் நிறுத்தினேன். பேர மாத்திப் போட்டா பிரீமியம் கொறையும்னு போட்டோம். தப்புதான். என்ன எழுதணுமோ எழுதிக்கோங்க. அவர மட்டும் விட்டுடுங்க, போடச் சொன்னதே நான்தான்."

கணவன் கண்ணை மூடிக்கொண்டான்.

வந்தவன் முகம் வெளுத்துவிட்டது. டம்ளரைக் கீழே வைக்கப் போனான். வைக்காமல் மறுபடி கையிலேயே பிடித்துக்கொண்டான்.

"கம்பெனியில என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள்.

"எந்தக் கம்பெனி, அக்கா?" அவன் டம்ளரை மேஜையில் வைத்தான். "எனக்கு இன்சூரன்ஸ் குடுக்க ஒரு கம்பெனியும் ஒத்துக்கல. மூணு நாளா நைட் ஷிஃப்ட் முடிச்சதும் ஒங்க வண்டியத்தான் தெருத்தெருவா தேடிட்டிருந்தேன்."

"எங்க வண்டிய எதுக்குத் தேடினீங்க?" என்றான் கணவன்.

"இடிச்சிட்டு ஓடினது நான்தான்க்கா."