ஆறு மணிக் கூச்சல்

"வாயைத் திறடி! முழுங்கினியா? காட்டு, பார்ப்போம்!"

ஆரம்பிச்சாச்சு! தினமும் இந்த நேரத்துக்கு ஜெயசீலன் தலையணையைக் காதோடு அழுத்திக்கொள்வார். வளைகுடாவில், மங்காஃபில் ஆறு பேர் தங்கும் ரூம். பகலெல்லாம் சைட்டில் வெயிலில் வெந்துவிட்டு வந்து கொஞ்சம் சாயலாம் என்றால், டாண் என்று ஆறு மணிக்கு இந்தக் கார்மேகம் பெண்டாட்டிக்கு வீடியோ கால் போட்டுவிடுவான். ஜவ்வாது மலைக்காரன். வேலையில் புலிதான். வாயில்தான் சனி.

"முட்டையை யாருக்குடி ஒதுக்குறே? ரெண்டையும் நீயேதான் தின்னணும். என் காசு!"

அந்தப் பக்கம் விஜி, ஆறு மாதக் கர்ப்பிணி. பதில் பேசாமல் மென்றுகொண்டிருப்பாள், பாவம்.

முந்தாநாள் ஜெயசீலனுக்குப் பொறுக்கவில்லை. பாதியிலேயே போனைப் பிடுங்கி ஆஃப் செய்துவிட்டார்.

"ஏலே, நீயெல்லாம் மனுசனா? வாயும் வயிறுமா இருக்கிற புள்ளைய மாட்டை விரட்டுத மாதிரி விரட்டுதியே!"

"வீட்டு விஷயம்ணே, விடுங்க."

"அதை எதுக்குல ரூம்ல கொண்டாந்து கொட்டுத? இனி ஒரு சத்தம் கேட்டுச்சு, கேம்ப் பாஸ்கிட்ட சொல்லி வேற ரூமுக்குத் தூக்கிருவேன். கலாஸ், அத்தோட முடிஞ்சுது!"

நேற்று கார்மேகம் முணுமுணுவென்று ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டான். ஜெயசீலனுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு பெண்ணைக் காப்பாற்றியாச்சே!

இன்று அவன் குளிக்கப் போன நேரம், போன் விடாமல் அடித்தது. சே, இது வேற! எடுத்தார். திரையில் விஜி.

"அண்ணே, அவரு இல்லீங்களா?"

"குளிக்கான். பயப்படாத தாயி, இனி உன்னை ஒரு வார்த்தை திட்ட மாட்டான். நான் மிரட்டி வச்சிருக்கேன்."

"ஐயய்யோ, நீங்களாண்ணே அது?"

அவள் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு ரத்தம் எட்டு பாயிண்ட்டுதான் இருக்குன்னு நர்ஸம்மா சொன்னாங்க. அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சதுண்ணே இந்தத் திட்டு. மாமனார், கொழுந்தனுக்கெல்லாம் போட்டு மிஞ்சினாத்தான் எனக்கு. அவங்க முன்னாடி நானா எடுத்துத் தின்ன முடியுமா? இவரு கத்தினா, 'அந்தக் கிறுக்கன் வாயை அடைக்கணும், தின்னு தொலை'ன்னு அத்தையே என் தட்டுல வச்சிருவாங்க. ரெண்டு நாளா எனக்கு ஒண்ணும் வரலை."

ஜெயசீலன் போனோடு எழுந்து குளியலறைப் பக்கம் ஓடினார்.

"முட்டை வெந்துருச்சுண்ணே. சீக்கிரம் வந்து திட்டச் சொல்லுங்க!"