நாலு சிலுவை

வல்லரசு ரோசியின் கேமராவைப் பிடுங்கி அடிமூடியைத் திறந்தான்.

உள்ளே நாலு பேட்டரி. நாலிலும் சிலுவைக் குறி மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு கம்பெனிக் குழாயைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

“இன்னாமே ரோசி, நாலும் நட்டுக்கினு நிக்குது? இது கேமராவா, காசிமேட்டுக் கல்லறையா?”

ரோசி படகில் கழியை ஊன்றியபடி அண்ணாந்து பார்த்தாள்.

“சிலுவைய எப்டி நைனா தலகீயா வெக்கிறது? பாவம் இல்ல?”

அதற்கு இன்னும் சிரித்தான். காவல்காரச் சட்டையின் பித்தான் தெறித்துவிடும் போலிருந்தது.

அவன் காலடியில் குழாயின் இணைப்பு ஒழுகிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறத் தண்ணீர். ஆற்றில் அது விழுகிற இடத்தில் மூன்று மாதமாக இறால் இல்லை. இடுப்பளவு சேற்றில் இறங்கிக் கையால் தடவிப் பிடிக்கிற ரோசிக்கு, விரலில் பட்டதெல்லாம் கூழ் மாதிரி வழுக்கியது.

ரோசி கொடுத்த புகாரின் போன விசாரணையில் கம்பெனிக்காரர் எழுந்து, அந்தக் குழாய் எங்களுடையதே இல்லை என்றார். எங்கள் ஆள் ஒருத்தர்கூட அந்தப் பக்கம் நிற்பதில்லை என்றார்.

அத்தாட்சி இருக்கிறதா என்று அதிகாரி ரோசியைக் கேட்டார்.

இருந்தது. அவளுடைய போனில் இருந்தது. அந்தப் போனை வல்லரசு அதற்கு முந்தின நாளே ஆற்றில் வீசியிருந்தான்.

இன்று மூன்று மணிக்குக் கடைசி விசாரணை.

“பேட்டரி போடத் தெரியாத கைநாட்டு, கம்பெனி மேல கேஸ் போட வந்துட்டா பாரு!” வல்லரசு மூடியை அடைத்து, கேமராவைப் படகில் கிடந்த வலைமேல் எறிந்தான். “இந்தா, எடு போட்டோ. ஷோக்கா எடு, வூட்ல மாட்டி வெச்சிக்கலாம்.”

தொப்பியைச் சரிசெய்தான். ஒரு காலைத் தூக்கி ஒழுகுகிற இணைப்பின்மேல் வைத்தான். மீசையை முறுக்கி, தூரத்துப் புகைபோக்கியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ரோசி கழியைக் கீழே வைத்தாள்.

விரல்களைத் தலைமுடியில் அழுத்தித் துடைத்தாள். நாளெல்லாம் தண்ணீரில் கிடக்கிறவளுக்கு உடம்பில் காய்ந்த இடம் அது ஒன்றுதான்.

மூடியைத் திறந்தாள். இரண்டாவது பேட்டரியை எடுத்துத் திருப்பிப் போட்டாள். நாலாவதையும் திருப்பிப் போட்டாள். மூடி ‘டக்’ என்று உட்கார்ந்தது.

பொத்தானை அமுக்கினாள். கேமரா மூக்கை நீட்டியது.

ராயபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜோ இதைக் கொடுத்தபோது, பேட்டரியை ஈரக் கையால் தொடாதே யக்கா, சில்லறையோடு சுருக்குப்பையில் போடாதே சூடேறிவிடும், நாலையும் ஒன்றாகச் சார்ஜ் ஏற்று என்று ஆயிரம் சொன்னான். எந்தப் பக்கம் வைப்பது என்பதை மட்டும் சொல்லவில்லை. அன்று அவள் நிஜமாகவே நாலையும் நிமிர்த்தி வைத்தாள். கேமரா அசையவில்லை. ஸ்டூடியோவே சிரித்தது.

இன்று விடிந்ததும், அந்தப் பழைய தப்பை ஒவ்வொன்றாக, பார்த்துப் பார்த்துச் செய்தாள்.

வெளிச்சம் பளிச்சென்று அடித்தது.

வல்லரசின் கால் இணைப்பிலிருந்து நழுவியது.

ரோசி அதற்குள் கழியை ஊன்றித் தள்ளிவிட்டாள். படகு நாலு கழி தூரம் போனதும் சின்னத் திரையைப் பார்த்தாள். கால், குழாய், ஒழுகுகிற தண்ணீர். சட்டைப்பைக்கு மேலே நூலால் தைத்த எழுத்துகள். நாற்பத்தாறு வயதில், மாதா கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் படித்ததை வைத்து எழுத்துக்கூட்டினாள்.

கம்பெனியின் பெயர், ஓர் எழுத்து விடாமல்.

“ஏய்! அது எப்டிமே வேல செஞ்சிது?” கரையோரமாக ஓடிவந்தான் வல்லரசு. “செத்துதானே கெடந்துது?”

ரோசி கேமராவை இறால் கூடைக்குள் வைக்கவில்லை. காய்ந்த துணியில் சுற்றித் தலைமேல் வைத்துக் கட்டிக்கொண்டாள்.

“அது சிலுவ இல்ல நைனா” என்றாள். “கூட்டல் குறி.”