அமைச்சரின் படகு

புதுப்பித்த பழைய கலங்கரை விளக்கத்தைத் திறந்துவைக்க வரவேண்டிய அமைச்சரைக் காணோம். மேடே இல்லாத அந்தத் தட்டைத் தீவின் கரையில் நின்று, கைப்பேசியில் படகோட்டியைக் காய்ச்சி எடுத்தார் அதிகாரி.

“பரம்பரைப் படகோட்டின்னு பீத்திக்கிட்ட? பட்டப்பகல்ல ஒரு தீவைக் கண்டுபிடிக்கத் துப்பில்ல!”

“தீவு தண்ணியோட தண்ணியா கிடக்கு சார். கோபுரத்தை வச்சுத்தான் அடையாளம்.”

“அவ்வளவு பெரிய கோபுரம் தெரியலையா? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?”

“செவப்புப் பட்டை போட்ட கோபுரம்தானே சார்? அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்.”

அதிகாரி மெல்ல நிமிர்ந்து பார்த்தார்.

பாராட்டுக்காகக் காத்திருந்த பெயிண்டர் குழைந்தார்.

“அசிங்கமா இருக்குன்னு நீங்க சொன்ன பட்டையெல்லாம் அழிச்சாச்சு சார். நீங்க தேர்ந்தெடுத்த நீலம் அபாரம்! வானத்தோட வானமா எப்படி ஒட்டிப்போச்சு பாருங்க!”