முயலுக்குக் கோபம் வரவில்லை

“உன் கழுத்த அறுத்துடுவேன்” என்று முயலக்கா ஒன்பதாவது தடவையாகச் சொன்னாள். கழுத்தில் சால்வையைப் போர்த்திவிடுகிறவள் சொல்வது மாதிரி இருந்தது.

ஒலிப்பதிவுக் கூடத்தின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அக்கா, நீங்க அவனக் கொல்லப் போறீங்க. தூங்க வைக்கப் போகல.”

“கோவமாத்தானே தம்பி சொன்னேன்.”

“இதுவா கோவம்? எங்கம்மா இந்தக் குரல்ல திட்டியிருந்தா இன்னும் நாலு தட்டு உடைச்சிருப்பேன்.”

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருடம் தினமும் காலையில் தொலைக்காட்சியில் வந்த குழந்தைகள் நிகழ்ச்சியில் முயல் பொம்மைக்குக் குரல் கொடுத்தவள். முயலக்கா என்பது பொம்மையின் பெயர். போகப் போக அவளுக்கும் அதுவே நிலைத்துவிட்டது, சொந்தப் பெயர் வங்கிப் புத்தகத்தோடு சரி. குழந்தைகளைப் பல் தேய்க்க வைப்பதுதான் முயலின் வேலை. “உங்க பேரச் சொன்னாப் போதும், பையன் பாத்ரூமுக்கு ஓடறான்” என்று அம்மாக்கள் எழுதிய கடிதங்களை ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறாள்.

நிகழ்ச்சி நின்று மூன்று வருடமாகிறது. முயலின் உரிமையைப் பழைய நிறுவனம் யாருக்கோ தள்ளிவிட, அது கை மாறிக் கை மாறி இந்தப் படக்காரர்களிடம் வந்து சேர்ந்தது. அவர்கள் அந்தச் சாதுப் பிராணியின் கையில் கோடரியைக் கொடுத்து, பாழடைந்த விடுதி ஒன்றில் ஆறு கல்லூரிப் பிள்ளைகளைத் துரத்தவிட்டுவிட்டார்கள்.

“உனக்கு எதுக்கு இந்தப் பாவம்?” என்று காலையில் கணவர் கேட்டார். அவளுக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனால் அவள் மாட்டேன் என்றால் முயல் வேறு யாருடைய குரலிலாவது பேசும். பெற்ற பிள்ளை பக்கத்து வீட்டுக்காரியை அம்மா என்று கூப்பிட்டால் எந்தத் தாய்தான் தாங்குவாள்?

பதினோரு நாளில் எடுத்த படம். குளியலறைக் கால்மிதிகளை வெட்டி முயல் வேஷம் தைத்திருந்தார்கள். ஒரு காது நிற்கவே மாட்டேன் என்றது. திரையில் அது ஓடிவருவதைப் பார்த்தால், பாவம், யாராவது பிடித்துக் குளிப்பாட்டக் கூடாதா என்றுதான் தோன்றும். குரல்தான் படத்தைக் காப்பாற்ற வேண்டும்.

முயலக்கா உறுமிப் பார்த்தாள், இருமல் வந்தது. பேய்ச் சிரிப்பு சிரித்தாள், தனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இயக்குநர் அடித்தொண்டையிலிருந்து ஒரு முறை செய்து காட்டினார். “தொண்டை கட்டியிருக்கு போலிருக்கே தம்பி, வெந்நீர் குடிங்க” என்றாள் அவள்.

ஒலிப்பதிவாளர் மட்டும் அவள் பக்கம் திரும்பவே இல்லை. கதவை அடைக்கிற உடம்பு. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மனுஷனுக்கு என் வேலையே பிடிக்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் இயக்குநர் அவளிருந்த அறைக்குள் வந்தார்.

“தப்பா நினைக்காதீங்க அக்கா. நான் ஹாஸ்டல்ல வளந்தவன், உங்க நிகழ்ச்சிய ஒரு நாள்கூடப் பாத்ததில்ல. உங்க குரல்தான் வேணும்னு தயாரிப்பாளர் சொன்னாரு, கூப்பிட்டேன்.”

“இன்னொரு தடவ சொல்லிப் பாக்கறேனே.”

“ரெண்டு மணிக்கு ஒருத்தர் வராரு, கரகரன்னு குரல். அவர வெச்சு முடிச்சுக்கறோம். நீங்க டீ குடிச்சுட்டுக் கிளம்புங்க.”

அவர் போய்விட்டார். முயலக்காவுக்கு அழுகை முட்டியது. எதிரே திரையில் முயல் கோடரியை ஓங்கியபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அந்தத் தொங்கிய காதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தாளவில்லை. போவதற்கு முன் ஒரே ஒரு தடவை அதைத் தன் குரலில் பேச வைத்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. மைக்கை யாரும் அணைக்கவில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை.

“செல்லக் கண்ணு” என்றாள், பழைய குழைவோடு. “பல்லு தேய்ச்சாச்சா? எங்க, ஆ காட்டு. முயலக்கா எண்ணிப் பாக்கட்டும்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று விழுந்தது. ஒலிப்பதிவாளர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார், முகத்தில் ஈயாடவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த உதவி இயக்குநர் பெண் நோட்டைப் போட்டுவிட்டு இயக்குநரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

இயக்குநர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த நிமிடம் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்.

“அக்கா, கிளம்பாதீங்க. கழுத்து, அறுக்கறது எல்லாத்தையும் தூக்கிடலாம். படம் பூரா இதையே சொல்லுங்க.”

“இதுல என்ன தம்பி பயம் இருக்கு? குழந்தைங்க ஆசை ஆசையாக் கேட்டது இது.” முயலக்காவுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. “வேணும்னா அவரக் கேளுங்க. அவரும் பாத்து வளந்தவராத்தான் இருப்பாரு.”

ஒலிப்பதிவாளர் வாசல் வரை வந்தார், அதற்கு மேல் வரவில்லை. வாயை ஒரு கையால் இறுக்கப் பொத்தியிருந்தார். விரலிடுக்கு வழியாகத்தான் பேச்சு வந்தது.

“நாங்க பல்லு தேய்ச்சதே உங்களுக்குப் பயந்துதான் அக்கா.”