மூன்றாம் கியர்

"இது வேண்டாம் அண்ணை. இதில பேய்தான் குடியிருக்கும்" என்றான் சுபேசன், மேசையில் கிடந்த கியர்பாக்ஸைத் தட்டிக் காட்டி. ஒரு பக்கம் நெளிந்து, துருவேறி, பார்க்கவே பாவமாக இருந்தது அது.

"இருந்தா இருக்கட்டும்" என்றார் மகேஸ்வரன்.

"அங்கால அஞ்சு கியர்ப் பெட்டி ஒண்டு கிடக்கு, புதுசு மாதிரி. மதுஷன்ர எஞ்சினுக்கு அளவெடுத்த மாதிரிப் பொருந்தும்."

"இதுவும் பொருந்தும்தானே?"

"பொருந்தும். ரெண்டும் ஒரே கொம்பனிச் சாமான். ஆனா..."

"அப்ப இதையே பூட்டு."

சுவிஸில், பாடன் நகரில் இருந்த சுபேசனின் கராஜின் மூலையில், பாதி முடிந்த கார் ஒன்று நின்றது. மகேஸ்வரனின் மகன் மதுஷன் பெட்டி பெட்டியாகப் பாகங்களை வரவழைத்து மூன்று வருடமாகத் தன் கையால் கட்டியது. கியர்பாக்ஸ் மட்டும்தான் பாக்கி. அதைத் தெரிவு செய்ய முன்னரே, போன ஒக்டோபரில், டாவோசுக்கு மேலே உள்ள மலைப்பாதையில் தன் பழைய காரோடு பள்ளத்தில் விழுந்து செத்துப்போனான்.

மேசையில் கிடந்தது அந்தப் பழைய காரின் கியர்பாக்ஸ். நாலு பழைய இரும்புக் கடை ஏறி இறங்கித் தேடிப் பிடித்ததை மகேஸ்வரன் சுபேசனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் மிச்சத்தையும் சொல்லவேண்டி வரும்.

விழுந்த கார் நியூட்ரலில் இருந்ததாம். பொலிஸ் அறிக்கை அப்படித்தான் சொன்னது. அவ்வளவு இறக்கத்தில் எந்த மடையன் நியூட்ரல் போடுவான்? சாக நினைத்தவன்தான் போடுவான். அன்று காலை, சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டதற்காக, "இனி என்ர முகத்தில முழிக்காதை" என்று மகேஸ்வரன் அவனை வீட்டை விட்டுத் துரத்தியிருந்தார்.

"பிள்ளை தானாப் போனவனோ?" என்று மனைவி தில்லைநாயகி ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு அவரோடு கதைப்பதையே விட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து அவருக்கு நிம்மதி இல்லை. பஸ்ஸில் போனாலும், சோற்றுக்கு முன்னால் இருந்தாலும், கியர் கழலும் 'கிளிக்' சத்தம் காதுக்குள் கேட்டது. இரும்புக் கடைச் சுவிஸ்காரன் ஒருவன் சொன்ன ஒரே பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் உயிரோடு இருந்தார். பழைய பெட்டிகளில், இறக்கத்தில், மூன்றாம் கியர் தன்பாட்டில் நியூட்ரலுக்குக் கழன்று வருவதும் உண்டாம். எஞ்சினின் பிடி விட்டுக் கார் பாய்ந்துவிடும், ஓட்டுபவன் குனிந்து கியரைப் பார்க்கிற நேரத்துக்குள் வளைவு வந்துவிடும் என்றான் அவன்.

அதே பெட்டி, அதே இறக்கம். இன்னொரு முறை கழன்றால் மகன் தானாகச் சாகவில்லை. கழலாவிட்டால் அவனைக் கொன்றது தகப்பனின் வாய். இதை அறியாமல் மகேஸ்வரனால் ஒரு பிடி சோறு விழுங்க முடியவில்லை.

"நீங்கள் யோசியாதேங்கோ அண்ணை" என்றான் சுபேசன். "மதுஷன்ர காரெல்லோ. என்ர கையால பூட்டினா ஒரு குறையும் வராது."

பத்து நாள் கழித்து அவர் போனபோது பெட்டி எஞ்சினோடு பூட்டப்பட்டிருந்தது. காரின் அடிச்சட்டத்தில் புதுத் தாங்கி ஒன்று ஒட்டி, சில்லுகளைச் சுழற்றும் நீளமான தண்டை ஐந்து சென்ரிமீற்றர் வெட்டிப் பொருத்தியிருந்தான். பக்கத்தில் ஒரு பிஸ்கற் தகரப் பேணிக்குள், பெட்டியிலிருந்து கழற்றிய எண்ணெய் ஊறிய சில்லறைச் சாமான்கள் கிடந்தன. மகேஸ்வரன் அதைக் கவனிக்கவில்லை. கியர்த் தண்டில் கை வைத்தவருக்கு, அங்கே ஏற்கெனவே வேறொரு கை இருப்பதுபோல் உடம்பு சிலிர்த்தது.

பனியால் மூடிக்கிடந்த அந்த மலைப்பாதை ஜூனில் திறந்ததும் காரை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சுபேசன் கீழே, வளைவுக்கு அப்பால், வீடியோ எடுக்கவென்று ஃபோனோடு நின்றுகொண்டான். மகேஸ்வரன் தனியே மேலே போய்க் காரைத் திருப்பினார். ஆளில்லாத பக்கத்து இருக்கைக்கும் பெல்ற்றைப் பூட்டினார்.

மூன்றாம் கியரில் இறங்கினார். "கழண்டு வா ராசா" என்று வாய்விட்டுக் கெஞ்சினார். "ஒருக்கா கழண்டு காட்டு." தான் பள்ளத்தில் விழுந்தாலும் அவருக்குக் கவலை இல்லை.

கியர் அசையவில்லை. திரும்பவும் மேலே போய் இறங்கினார். மூன்றாம் தரம் அக்சிலரேற்றரை மிதித்து மிதித்து விட்டும் பார்த்தார். எஞ்சின் உறுமியதே தவிர, தண்டு வைத்த இடத்திலேயே நின்றது.

காரை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் கதறி அழுதார். சுபேசன் பதறிக்கொண்டு ஓடி வந்தான்.

"என்ன அண்ணை? கார் நல்லாத்தானே ஓடுது?"

"ஓம், நல்லா ஓடுது. கியர் கழண்டு வரேல்லை. அப்ப அவன் தானாத்தான் போனவன். நான்தான் என்ர பிள்ளையைச் சாக்காட்டினனான்."

பிறகு எல்லாவற்றையும் கொட்டினார். பெட்டி எந்தக் காருடையது, அந்தக் கார் நியூட்ரலில் கிடந்தது, அன்று காலை தான் சொன்ன சொல், எதையும் மறைக்கவில்லை. கேட்கக் கேட்கச் சுபேசனின் முகம் வெளுத்தது. 

"அண்ணை, மூண்டாம் கியரைப் பிடிச்சு வைக்கிற ஸ்பிரிங் உடைஞ்சு கிடந்தது... நான் புதுசு போட்டுத்தான் பூட்டினனான்."