நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்

2018 ஜூலை 12, வியாழக்கிழமை, பிற்பகல் நான்கு மணி இருபது நிமிடம்; புழுதிக் காற்று, மழையில்லை. காவல் கண்காணிப்பாளர் அலுவலக வராந்தாவில் ஏட்டு சவரிமுத்து ஒரு மொழிபெயர்ப்பு நாவலின் நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தை ஆறாவது முறையாகப் படித்தார். பாலைவன ஊரின் ஷெரீப், தாயைப் புதைத்துவிட்டு வருவதாகச் சொன்ன கைதியின் விலங்கைக் கழற்றிவிட்டு, ஊரெல்லையில் நின்று சாலையைப் பார்க்கிறார். சவரிமுத்துவும் அதையே செய்திருந்தார். அவருடைய கைதி திரும்பவில்லை. அவர்மீதான விசாரணை முடிந்து இன்று ஆணை.

“ஏட்டய்யா, உங்க ஷெரீப்போட ஆளு வந்துட்டானா?” என்றார் தட்டச்சர் பூங்கோதை.

“வராட்டி என்ன, அவருக்குக் குதிரை இருக்கு, தேடிப் போவாரு. எனக்கு டவுன் பஸ்தான். ஆணையில என்னம்மா இருக்கு?”

“ரெண்டு விதமாவும் அடிச்சு வச்சிருக்கேன். எதுல கையெழுத்துப் போடுறாரோ.”

உள்ளே மணி அடித்தது. பூங்கோதை போய், ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். முன்பக்கத்தின் கடைசி வரி ‘இவர் காவல் பணியில்’ என்று நின்றது. மறுபக்கம் ‘மீண்டும்’ என்று தொடங்கினால் வேலை உண்டு. ‘இருந்து’ என்றால் இல்லை. ‘பணியிலிருந்து’ என்று சேர்த்தெழுதுவதே முறை. ஆனால் பூங்கோதை எப்போதும் பிரித்தே அடிப்பார். பச்சை மைக் கையெழுத்து மட்டும் தாளை ஊடுருவி, இடவலம் மாறித் தெரிந்தது.

“திருப்புங்க, ஏட்டய்யா.”

சவரிமுத்து நாவலின் பக்கத்தைத் திருப்பினார்.