ஜப்பான் நடிகருக்குப் பொன்னாடை

“மெய்யாவே வந்திட்டாரோ, பிள்ளை?”

“ஓம் அங்கிள். இப்பதான் காரால இறங்கிறார். கெதியா வாங்கோ,” என்றாள் வாசலில் நின்ற வினோஜா.

கலைச்சங்கத் தலைவர் சிவநேசம் மாலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். மொன்ட்ரியாலின் செயின்ட்-மிஷேல் மண்டபத்தில் எண்பது பேர் கூடியிருந்தார்கள். நடிகரைப் பார்க்க அல்ல, அவர் வரமாட்டார் என்பதைக் கண்ணால் பார்க்க. போன வருடம் சென்னையிலிருந்து ஒரு கதாநாயகன் வருகிறார் என்றார் சிவநேசம், வரவில்லை. அதற்கு முந்தின வருடம் ஒரு பாடகி. அவரும் விமானம் ஏறவில்லை. இம்முறையும் ஆள் வராவிட்டால் தலைவர் பதவி அவருக்குப் போட்டியாக நிற்கும் நீக்கிலாப்பிள்ளைக்கு என்று பொதுக்கூட்டத்தில் எழுதியே வாங்கிவிட்டார்கள்.

ஹயமா கென்ஜிரோ அறுபது வருடமாக ஜப்பானியப் படங்களில் நடிப்பவர். திரைப்பட விழாவுக்காக மொன்ட்ரியால் வந்திருந்தார். அவருடைய ஒரு படத்தைக்கூட மண்டபத்தில் எவரும் பார்த்ததில்லை. அந்த மகா கலைஞரைப் பற்றிச் சிவநேசத்துக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் மெட்ரோவில் வரும்போது போனில் வாசித்ததுதான்.

நரைத்த தலையோடு ஒரு முதியவர் உள்ளே வந்து, சபையைப் பார்த்து இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.

“பாத்தீரே, நீக்கிலாப்பிள்ளை? ஆள் வந்திட்டார். இனி நீர் ஆறுதலா வீட்டை போகலாம்,” என்றார் சிவநேசம். முன்வரிசையில் இருந்த நீக்கிலாப்பிள்ளை நிகழ்ச்சி நிரலை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

பிறகு விழா. ஏழு பேர் பேசினார்கள். வரவேற்புரை முக்கால் மணி நேரம். அதில் நடிகரின் பெயர் இரண்டு தடவை வந்தது, இரண்டு தடவையும் பிழையாக. வாழ்த்துரை சொன்னவர், தான் பள்ளிக்கூட நாடகத்தில் ராசாவாக நடித்த கதையைச் சொன்னார். தலைமையுரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மூன்று மணி நேரம் முதியவர் முதுகு வளையாமல், ஒரு கொட்டாவிகூட விடாமல் இருந்தார்.

“என்ன பொறுமை, பாத்தீரே? உலகத் தரமான கலைஞன் எண்டா இதுதான்,” என்று சிவநேசம் வினோஜாவிடம் சொன்னார். அவள் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி படிப்பவள், மொழிபெயர்க்க வந்திருந்தாள்.

கடைசியில் பொன்னாடையைப் போர்த்திவிட்டு, சிவநேசம் மைக்கைப் பிடித்தார்.

“ஐயா உங்கட சினிமா வாழ்க்கையைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லவேணும். முக்கியமா, முன்னுக்கு இருக்கிற நீக்கிலாப்பிள்ளைக்கு விளங்கிற மாதிரி.”

முதியவர் பொன்னாடையைத் தடவிப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். வினோஜா வாயைத் திறந்தாள், மூடினாள்.

“என்ன பிள்ளை, சொல்லுமன். மைக்கில சத்தமாச் சொல்லும்.”

“அவர் சொல்லுறார்… ‘இவ்வளவு காலத்தில எனக்கெண்டு ஒருத்தர் மரியாதை செய்யிறது இதுதான் முதல் தரம். குதிரையில இருந்து விழுறது, நெருப்புக்குள்ள ஓடுறது எண்டு, ஆபத்தான காட்சிக்கெல்லாம் ஹயமா ஐயாவுக்குப் பதிலா நாப்பது வருஷமா நான்தான். இண்டைக்கு ஏழு பேர் பேசப்போயினம் எண்டு கேட்ட உடன, வழக்கம்போல என்னை அனுப்பிப்போட்டு அவர் ஹோட்டலில நித்திரை.’”